கொழுப்புத் தோணியில் வரும் கடிதம்

மீன் வாங்கத் தெரிந்தவர்கள் இறாலின் விலையை முதலில் கேட்பதில்லை. ஒன்றைக் கையிலெடுத்து, தலை உடலோடு இறுகப் பற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு முகர்ந்து பார்ப்பார்கள். அதற்குப் பின்புதான் பேரம் தொடங்கும். பழவேற்காட்டு ஏரியில் விடியுமுன் பிடித்த இறாலும், சென்னைப் பட்டணத்துக் கடையில் பத்து மணிக்குக் கிடக்கும் இறாலும் ஒரே ஜாதிதான். இரண்டுக்கும் ருசியில் வேற்றுமை உண்டாகுமானால், நடுவில் அதைச் சுமந்து வந்த பெட்டியும் பெட்டியில் போட்ட ஐஸுமே காரணம். சரக்கு உயர்ந்ததாயிருந்தால் மட்டும் போதாது. அதைக் கெடாமல் கொண்டுவந்து சேர்க்கும் வாகனமும் உயர்ந்ததாயிருக்க வேண்டும். ஏரிக்கரைக் குப்பங்களில் இது குழந்தைகளுக்கும் தெரிந்த உண்மை.

வைத்திய உலகம் இந்த எளிய உண்மையோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டி வந்திருக்கிறது. ஆர்.என்.ஏ. என்னும் அதிசயமான சரக்கு அதன் கையில் இருந்தது. அதை நோயாளியின் உயிரணுவுக்குள் கெடாமல் கொண்டுபோய் இறக்கும் தோணிதான் இல்லை. அந்தத் தோணியை எப்படிக் கட்டினார்கள், அது எதுவரை செல்கிறது, பழவேற்காட்டுக் குப்பங்கள் போன்ற இடங்களுக்கு அது வந்து சேருமா என்பவற்றை இவ்வாரம் நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

முதலில் சரக்கைப் பார்ப்போம். நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பெரும்பாலான உயிரணுக்களின் நடுவே உட்கரு என்னும் அறை ஒன்று உண்டு. அந்த அறையில் டி.என்.ஏ. என்னும் பரம்பரைப் பத்திரம் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை நாம் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவதில்லை. வேண்டிய பக்கத்துக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து அனுப்புகிறோம். உயிரணுவும் அப்படியே செய்கிறது. வேண்டிய பகுதிக்கு ஒரு நகல் எழுதி, உட்கருவுக்கு வெளியே இருக்கும் புரதத் தொழிற்கூடங்களுக்கு அனுப்புகிறது. அந்த நகலுக்குத்தான் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அப்படியொரு தூதன் இருப்பதை 1961ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் நிலைநாட்டினார்கள். தொழிற்கூடம் கடிதத்தைப் படித்து, அதில் சொன்ன புரதத்தைச் செய்கிறது. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கடிதம் கிழிக்கப்பட்டுப் போகிறது.

இங்கேதான் ஆசை பிறந்தது. உயிரணு தானே எழுதும் கடிதங்களுக்கு நடுவில் நாமும் ஒரு கடிதத்தை எழுதிச் செருகினால் என்ன? உடலில் இல்லாத புரதத்தை உடலே செய்துகொள்ளுமல்லவா? பகைக் கிருமியின் மேல்சட்டையை மட்டும் வர்ணித்து ஒரு கடிதம் எழுதினால், உடல் அந்தச் சட்டையைத் தைத்துப் பார்த்து, பகைவனை முன்கூட்டியே அடையாளம் கண்டுகொள்ளுமல்லவா? இதன் மறுபக்கமும் உண்டு. 1998ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு சிறு புழுவில் விந்தையொன்றைக் கண்டார்கள். இரட்டை இழையாக அமைந்த ஆர்.என்.ஏ.யை உள்ளே செலுத்தினால், அதே வாசகமுள்ள தூதுக் கடிதத்தை உயிரணு தேடிப் பிடித்துக் கிழித்துவிடுகிறது. வேண்டாத புரதம் ஒன்றை உடல் செய்து துன்பப்படுமானால், அந்தக் கட்டளையையே நிறுத்திவிடலாம் என்பது இதன் பொருள். இருவருக்கும் 2006ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

சரக்கு இத்தனை உயர்ந்தது. ஆனால் ஆர்.என்.ஏ.யைப் போல எளிதில் பழுதாகும் பொருள் வேறு ஒன்றைக் காண்பது அரிது. நம் தோலிலும் வியர்வையிலும் இரத்தத்திலும் அதைச் சிதைக்கும் நொதிகள் நிறைந்திருக்கின்றன. வெறும் ஆர்.என்.ஏ.யை ஊசியால் இரத்தத்தில் ஏற்றினால், அது ஐஸ் இல்லாத பெட்டியில் சித்திரை வெயிலில் வைத்த இறாலின் கதியையே அடையும். தப்பிப் பிழைத்து உயிரணுவின் வாசலை எட்டினாலும் உள்ளே நுழைவது கடினம். ஆர்.என்.ஏ.யின் மேனியில் எதிர்மின் தன்மை உண்டு. உயிரணுவைச் சூழ்ந்த மெல்லிய கொழுப்புச் சவ்வின் வெளிப்புறத்திலும் அதே தன்மையே. ஒரே தன்மையுள்ள இரண்டு ஒன்றையொன்று தள்ளும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். போதாக்குறைக்கு ஆர்.என்.ஏ. மிகப் பெரியது. 2020ஆம் ஆண்டில் கொரோனாவுக்காக ஃபைசர் கம்பெனியும் பயோஎன்டெக் கம்பெனியும் சேர்ந்து வெளியிட்ட தடுப்பூசியின் கடிதத்தில் 4,000 எழுத்துக்களுக்கு மேல் உண்டு.

பழவேற்காட்டு முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலையை விளக்க வேண்டியதில்லை. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கிறது அந்த ஊர். நம் நாட்டு உவர்நீர் ஏரிகளில் ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி அதுவே. தமிழ்நாடும் ஆந்திரமும் அதைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல் திட்டு கிடக்கிறது. முகத்துவாரம் திறந்திருந்தால் கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர்கின்றன. கோடையில் மணல் மூடிக்கொண்டால் கடலில் எத்தனை குஞ்சு இருந்தும் ஏரியில் வலை வெறுமையாகிறது. உயிரணுவின் சவ்வும் அத்தகைய மணல் திட்டுத்தான். வெளியே மருந்து எவ்வளவு மிதந்தாலும் வாய் திறந்தாலொழிய உள்ளே பயன் இல்லை.

திட்டு கொழுப்பால் ஆனது; ஆகவே அதைக் கடக்கும் தோணியையும் கொழுப்பாலேயே கட்டலாம் என்பது விஞ்ஞானிகளின் யுக்தி. இதற்கு அடிகோலியவர் அலெக் பாங்கம் என்னும் ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜுக்கு அருகில் உள்ள பாப்ரஹாம் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் அவர் முட்டையின் மஞ்சட் கருவிலுள்ள ஒருவகைக் கொழுப்பை நீரில் கலந்து மின்னணு உருப்பெருக்கியில் நோக்கினார். கொழுப்புத் தானாகவே சின்னஞ்சிறு மூடிய குமிழிகளாகச் சேர்ந்திருந்தது. குமிழியென்றால் உள்ளே ஏதேனும் வைக்கலாமே! 1970களிலேயே அவ்வாறு ஆர்.என்.ஏ.யை வைத்து உயிரணுவுக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். ஆயினும் ஆய்வுக் குழாயில் ஓடிய தோணி உடலுக்குள் ஓடவில்லை. ஆர்.என்.ஏ.யைப் பற்றிக்கொள்வதற்காகக் கொழுப்புக்கு நேர்மின் தன்மை ஏற்றினார்கள். அது ஆர்.என்.ஏ.யைப் பற்றியதோடு நில்லாமல் இரத்தத்தில் கண்டதையெல்லாம் பற்றிக்கொண்டு உடலுக்கு நஞ்சாயிற்று.

முடிச்சை அவிழ்த்த பெருமையில் பெரும்பங்கு கானடா தேசத்து வாங்கூவர் நகரில் பணிபுரிந்த பீட்டர் கல்லிஸுக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் உரியது. அவர்கள் தேடியது சமயமறிந்து குணம் மாறும் ஒரு கொழுப்பு. புளிப்பான நீரில் அது நேர்மின் ஏற்று ஆர்.என்.ஏ.யை இறுகப் பற்றும். இரத்தத்தைப் போன்ற நடுநிலை நீரில் மின் தன்மையை இழந்து சாதுவாகிவிடும். இதோடு வேறு மூன்று பொருள்கள் சேர்கின்றன. ஒன்று, உயிரணுச் சவ்வில் உள்ளதை ஒத்த பாஸ்பரஸ் கொழுப்பு. இரண்டாவது, டாக்டர்கள் நம்மை மிரட்டுவதற்கு எடுத்தாளும் அதே கொலஸ்டிரால். இங்கே அது தோணியின் பலகைகளை இறுக்கும் நல்ல வேலையைச் செய்கிறது. மூன்றாவது, துகளோடு துகள் ஒட்டாமல் காக்கும் ஒரு வெளிப்பூச்சு. புளிப்பு நீரில் ஆர்.என்.ஏ.யையும் சாராயச் சத்தில் கொழுப்புக்களையும் கரைத்து, இரண்டையும் மெல்லிய குழாயில் வேகமாகச் சந்திக்கவைத்தால், கடைந்த மோரில் வெண்ணெய் திரளுவதுபோல் துகள்கள் தாமே திரளுகின்றன. பிறகு சாராயத்தையும் புளிப்பையும் நீக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ 100 நானோமீட்டர் அகலம். தலைமயிர் ஒன்றின் குறுக்கே ஏறக்குறைய ஆயிரம் தோணிகளை வரிசையாக நிறுத்தலாம்.

தோணி உயிரணுவின் கரையை அடைகிறது. உயிரணு அதை இரைபோல் விழுங்கி ஒரு பையில் அடைக்கிறது. இந்தப் பை மீன்பிடிக்கும் கூட்டைப் போன்றது: உள்ளே நுழைவது எளிது, வெளியே வருவது அரிது. ஆனால் விழுங்கியதைச் செரிப்பதற்காக உயிரணு அந்தப் பையைப் புளிக்கவைக்கிறது. புளிப்பு ஏறியதும் நம் கொழுப்பு மீண்டும் குணம் மாறி, நேர்மின் கொண்டு, பையின் சுவரைக் குலைத்துக் கடிதத்தை வெளியே விடுகிறது. பகைவன் கதவடைக்கும் செயலே கதவைத் திறக்கும் சாவியாகிறது! இவ்வளவு சாமர்த்தியமும் முழு வெற்றி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நூறு பங்கு ஆர்.என்.ஏ.யில் ஒன்று அல்லது இரண்டு பங்கே பையிலிருந்து தப்புவதாகக் கணக்கிட்டார்கள். எஞ்சியது வீண். தோணியைத் திருத்தும் வேலை இன்றும் முடிந்தபாடில்லை.

இந்தக் கதையில் தமிழர் பெயர்களும் வருவதைக் கண்டு நேயர்கள் மகிழலாம். அமெரிக்காவின் அல்னிலம் கம்பெனியும் கல்லிஸின் கூட்டத்தாரும் சேர்ந்து சிறந்த கொழுப்பு ஒன்றைப் பற்றி 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் முதற்பெயர் முத்துசாமி ஜெயராமன். முத்தையா மனோகரனின் பெயரும் அதில் உண்டு. அந்தக் கொழுப்பைக் கொண்டு செய்த பாட்டிசிரான் என்னும் மருந்துக்கு அமெரிக்க அரசு 2018 ஆகஸ்டில் அனுமதி தந்தது. சில குடும்பங்களில் பரம்பரையாக ஈரல் ஒரு பழுதான புரதத்தைச் செய்கிறது. அது நரம்புகளில் படிந்து கைகால்களை முடக்குகிறது. பாட்டிசிரான் ஈரலுக்குச் சென்று அந்தக் கட்டளையைக் கிழிக்கிறது. இரட்டை இழை ஆர்.என்.ஏ.யின் வழியைப் பின்பற்றிய முதல் மருந்து இதுவே. விலை என்ன தெரியுமா? வெளியானபோது ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 4,50,000 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் 3 கோடி ரூபாய்க்கு மேல்!

கடிதத்தைத் திருத்தும் வேலையும் மறுபுறம் நடந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.யைக் கண்டால் உடல் திருடன் வந்ததாகக் கூக்குரலிடும். கதலின் கரிகோ என்னும் ஹங்கேரி நாட்டு அம்மையாரும் ட்ரூ வைஸ்மன் என்பவரும், கடிதத்தின் ஓர் எழுத்தைச் சற்றே மாற்றி எழுதினால் அந்தக் கூக்குரல் அடங்கும் என்று 2005ஆம் ஆண்டில் காட்டினார்கள். அப்போது அதைப் பெரிதாக எண்ணியவர் சிலரே. 2023ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. திருத்திய கடிதமும் தேர்ந்த தோணியும் 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஒன்றுசேர்ந்தன. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் தேதி பிரிட்டன் முதல் கொரோனா ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு அவசர அனுமதி அளித்தது.

இனிப் பழவேற்காட்டுக்கு வருவோம். அந்தத் தடுப்பூசியை வெளியானபோது பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டியிருந்தது. ஏரிக்கரையில் ஐஸ் என்றால் உடைத்த பாளமும் அதன் மேல் போடும் மரத்தூளும் சாக்கும்தான். படகேறித்தான் போய்ச் சேர வேண்டிய ஊர்களும் அங்கே உண்டு. அத்தகைய இடத்துக்கு அந்தச் சிமிழை எப்படிக் கொண்டு போவது? நம் தேசத்தில் 2021 ஜனவரி 16ஆம் தேதி தொடங்கிய தடுப்பூசி இயக்கத்தில் பெரும்பாலும் போடப்பட்டவை கோவிஷீல்டும் கோவாக்சினும். இரண்டும் ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் அல்ல, இரண்டையும் சாதாரணக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். சரக்கின் சிறப்பு ஒருபுறமிருக்க, பெட்டியின் வசதியே பெரிதாக முடிந்தது.

இதைப் பற்றி ஒருமுறை குப்பத்து முதியவர் ஒருவரிடம் பேச நேர்ந்தது. நாம் சொன்னதையெல்லாம் வலை சிக்கெடுத்துக்கொண்டே கேட்ட அவர், “ஏன் வாத்தியாரே, ஐஸ் இல்லாத ஊருக்கு மீனை அனுப்பணும்னா நாங்க கருவாடு போட்டு அனுப்புவோம். உங்க மருந்தைக் காயவைக்க முடியாதா?” என்று வினவினார். நாம் புன்னகை செய்தோம். ஏனென்றால் புனா நகரத்து விஞ்ஞானிகள் செய்ததும் அதுவே.

புனாவிலுள்ள ஜென்னோவா கம்பெனி, மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்ப இலாகாவின் உதவியோடு, ஜெம்கோவாக் என்னும் தடுப்பூசியைச் செய்தது. இந்தியாவில் உருவான முதல் தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசி இதுவே. 2022 ஜூன் மாதத்தில் இதற்கு அவசர அனுமதி கிடைத்தது. உறையவைத்து, காற்றை இழுத்து, ஈரத்தை ஆவியாகப் போக்கி, அதைப் பொடியாக்கி வைக்கிறார்கள். பொடியாயிருப்பதால் 2 முதல் 8 டிகிரி வரையுள்ள வெப்பநிலையே அதற்குப் போதும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்ப்பெட்டியின் நிலை அதுதான். வேண்டியபோது நீரில் கலந்து ஊசி போடுகிறார்கள். 2023 ஜூனில் ஒமைக்ரான் வகைக்கேற்பத் திருத்திய மற்றொரு தடுப்பூசியும் வந்தது. அதைத் தோலுக்குள் ஊசியில்லாமலே செலுத்தும் கருவியால் கொடுக்கிறார்கள். இவை வரும்போது பெருந்தொற்றின் கொடிய அலைகள் கடந்துவிட்டன. ஆகையால் பெருவாரியாகப் பயன்படும் வாய்ப்பு நேரவில்லை. இருந்தாலும் வழி தெரிந்துவிட்டது. குளிர்நாட்டார் தங்கள் வசதிக்கேற்பக் கட்டிய தோணியை நாம் கடன் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை; நம் வெயிலுக்கும் நம் பாதைக்கும் ஏற்ற தோணியை நாமே கட்ட முடியும்.

ஏரியின் இறாலுக்கும் இந்த மருந்துக்கும் இன்னுமொரு சம்பந்தம் உண்டு. 1990களில் ஏரிக்கரையோரங்களில் இறால் பண்ணைகள் பெருகின. பண்ணைகளின் கழிவுநீரால் ஏரியும் நிலமும் கெடுகின்றன என்னும் முறையீடு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1996 டிசம்பர் 11ஆம் தேதி அளித்த தீர்ப்பில் நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று கட்டளையிட்டது. அதே காலத்தில் நோயும் வந்தது. 1994ஆம் ஆண்டளவில் இந்தியக் கரைகளில் தலைகாட்டிய வெண்புள்ளி நோய், குளத்திலுள்ள இறால் முழுவதையும் சில நாட்களில் மாய்க்கவல்லது. அதை உண்ணும் மனிதருக்கு அந்த நோய் ஒட்டுவதில்லை; ஆனால் கடன் வாங்கிக் குளம் வெட்டியவர்களின் குடும்பத்தை அது தொற்றாமலே தாக்கியது.

இறாலுக்கு நம்மைப் போல் நோயை நினைவில் வைத்து எதிர்க்கும் ஆற்றல் இல்லை. ஆதலால் மனிதருக்குச் செய்வதைப் போன்ற தடுப்பூசி அதற்குப் பொருந்துவதில்லை. ஆனால் கடிதத்தைக் கிழிக்கும் அந்த வித்தை இறாலிலும் இருக்கிறது! வேலூரையடுத்த மேல்விஷாரத்தில் உள்ள சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் சாகுல் ஹமீதும் அவரைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் வெண்புள்ளிக் கிருமியின் ஒரு புரதத்துக்கு எதிரான இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைத் தயாரித்து, பெரிய வரி இறாலுக்குத் தீனியோடு ஊட்டினார்கள். அதன் விளைவு 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. குளத்திலுள்ள இலட்சம் இறாலுக்கு ஒவ்வொன்றாக ஊசி போட இயலாது. எனவே அங்கேயும் கேள்வி தோணியைப் பற்றியதே. இரண்டு தோணிகளை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்று, ஆர்.என்.ஏ.யைத் தன்னுள் பெருக்கிய பின் உயிரடக்கப்பட்ட பாக்டீரியா. மற்றொன்று, கைட்டோசான் என்னும் பொருளால் ஆன நுண்துகள். கைட்டோசான் எதிலிருந்து கிடைக்கிறது? இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து! உரித்து எறிந்த ஓடே மருந்தைச் சுமந்துகொண்டு உயிருள்ள இறாலிடம் திரும்பி வருகிறது. போட்டியில் பாக்டீரியாத் தோணியே வென்றது; அதை உண்டவற்றில் பாதிக்கு மேல் நோயைத் தாங்கின. ஓட்டுத் தோணியில் மருந்து பெற்றவற்றில் பிழைத்தவை குறைவு. மருந்து பெறாதவை மாண்டன. ஒரே கடிதம், தோணி வேறானதால் பலனும் வேறாயிற்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது.

இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. தீனியில் கலந்த மருந்து பண்ணை இறாலுக்குத்தான் ஆகும். ஏரியில் தானே வளரும் இறாலுக்கு யார் ஊட்டுவது? வலை வீசிப் பிழைப்பவருக்கும், சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் இதனால் நேரே வரவு இல்லை. பண்ணையில் நோய் அடங்கினால் பண்ணை நீரின் வழியாக அது ஏரிக்குப் பரவும் அபாயம் குறையும் என்ற அளவில்தான் அவர்களுக்கு நன்மை. முகத்துவாரத்தில் மணல் மூடினால் எந்த ஆர்.என்.ஏ.யும் அதைத் தோண்டிவிடாது.

வீடுகளில் எழும் சில ஐயங்களுக்கும் விடை சொல்ல வேண்டியது நம் கடமை. “இந்த மருந்து பரம்பரையையே மாற்றிவிடுமாமே?” என்று கேட்கிறார்கள். தடுப்பூசியின் தூது ஆர்.என்.ஏ. பத்திர அறையாகிய உட்கருவுக்குள் நுழைவதில்லை. வெளியே படிக்கப்பட்டு, சில நாட்களில் அழிகிறது. கைவலி, காய்ச்சல், அசதி ஆகியவை பலருக்கும் வந்து போகின்றன. இளவயது ஆண்களில் மிகச் சிலருக்கு இருதயத் தசையில் அழற்சி கண்டதும் உண்மையே. அதை டாக்டர்கள் பதிவு செய்து எச்சரித்திருக்கிறார்கள். ஐயப்பட்டுக் கேட்பவரை மூடர் என்று தள்ளுவதும், கேட்ட வதந்தியை அப்படியே நம்புவதும் இரண்டும் தவறு. பரம்பரைப் பத்திரத்தைத் திருத்துவதற்கென்றே செய்யப்படும் மருந்துகள் வேறு. அவற்றை அவ்வாறு சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.

அத்தகைய மருந்து ஒன்றின் செய்தி 2025 மே மாதத்தில் உலகமெங்கும் பரவியது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஓர் ஆண் குழந்தை, புரதம் செரித்ததனால் உண்டாகும் அம்மோனியா நஞ்சை ஈரல் நீக்க முடியாத அரிய நோயோடு பிறந்தது. ரெபெக்கா ஆரன்ஸ்-நிக்லஸ் என்னும் பெண் டாக்டரும் கிரண் முசுனூரு என்னும் டாக்டரும் அந்த ஒரு குழந்தையின் பத்திரத்திலுள்ள ஒரு பிழையைத் திருத்துவதற்கென்று சில மாதங்களில் ஒரு மருந்து செய்தார்கள். திருத்தும் கருவியைச் செய்யச் சொல்லும் கடிதத்தைக் கொழுப்புத் தோணியில் ஏற்றி ஈரலுக்கு அனுப்பினார்கள். 2025 பிப்ரவரியில் முதல் மருந்தேற்றிய பின் குழந்தை தேறி வந்தது. முன்னைவிட அதிகமான புரத உணவை அதனால் ஏற்க முடிந்தது. ஈரலை நோக்கி இந்தத் தோணி எளிதில் செல்வது இயற்கையாக அமைந்த சௌகரியம். இரத்தத்திலுள்ள ஒரு புரதம் துகளின் மேல் ஒட்டிக்கொண்டு ஈரலுக்கு வழிகாட்டுகிறது. மூளைக்கும் இருதயத்துக்கும் வழி இன்னும் செம்மையாகத் திறக்கவில்லை.

ஒரு குழந்தைக்கு ஒரு மருந்து. கேட்கவே மனம் குளிர்கிறது. ஆனால் ஆண்டுக்கு 3 கோடி என்ற விலையை முன்னே சொன்னோம் அல்லவா? தோணி உயிரணுவின் வாசலைக் கடந்துவிட்டது. ஏழையின் வாசலை எப்போது கடக்கும்?

இந்தக் கேள்விக்கு ஏரிக்கரையிலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்னும் முறை தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்திருக்கிறது. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே, வலைகளோ பல. வலுத்தவன் வளைத்துக்கொள்ளாதபடி இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வகுத்து, சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக்கொள்வார்கள். முறை வந்தவன் ஏழையாயினும் அந்த இடம் அன்று அவனுடையதே. போலீஸும் கோர்ட்டும் இல்லாமல் சாதாரண மீனவர் நடத்திய நீதி அது. அதில் குறையும் உண்டு. பாட்டில் பெயர் பதிந்தவர்களுக்குத்தான் முறை வரும். அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் இருளர் முதலிய பலரின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. அதனால் பூசல்களும் விளைந்தன.

புதிய மருந்துகளுக்கும் ஒரு பாடு வகுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. புனாவிலும் மேல்விஷாரத்திலும் நடந்த வேலை, சரக்கையும் தோணியையும் நம்மவர்கள் செய்ய வல்லவர்கள் என்பதைக் காட்டுகிறது. சர்வகலாசாலைகள் அவ்வேலைக்குப் பணமும் ஆளும் தர வேண்டும். அரசாங்கம் விலையையும் விநியோகத்தையும் கவனிக்க வேண்டும். படித்த குடும்பத்தார் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: சட்டசபைக்கு வோட்டுக் கேட்டு வருபவரிடம் சாலையையும் குழாயையும் கேட்பதுபோலவே, ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்ப்பெட்டி ஓடுகிறதா, அது நின்றால் பழுதுபார்க்க ஆள் உண்டா என்றும் கேட்க வேண்டும். பட்டியல் எழுதும்போது பட்டணத்தார் பெயரோடு அது நின்றுவிடாமல், படகேறிப் போக வேண்டிய ஊர்களும், சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் கைகளும் அதில் ஏறுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாமே.